மூக்கு மாஸ்டருக்கு மூக்கு போன கதை

என் தங்கை புருஷனுக்கு ஓட்டலில் மூக்கு மாஸ்டர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுவிட்டது. பார்த்தால் சாதாரண மூக்குதான், நுனி கொஞ்சம் சப்பை. ஆனால் அதை வைத்துத்தான் பதினான்கு வருடம் குடும்பம் நடத்தினார். அந்த மூக்கு ஒரு மழைக்காலக் காய்ச்சலில் போய்விட்டது. அது போனதை ஏழு மாதம் வெளியே விடாமல் அவர் பட்ட பாட்டையும், எங்களைப் படுத்திய பாட்டையும்தான் சொல்லப் போகிறேன். அதில் நான் செய்த கூத்தும் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் அதே ஓட்டலில் துணி அறைக்குப் பொறுப்பு. மேசை விரிப்பு, கைத்துடைப்பு, படுக்கை உறை எல்லாம் என் கை பட்டுத்தான் மாடிக்குப் போகும். இருபத்திரண்டு வருடமாகப் பிறர் கொட்டியதைத் துவைப்பவளுக்குக் கொட்டியவர்கள் மேல் பெரிய மரியாதை இருக்காது. எனக்கும் இல்லை.

அவரைப் பாரில் சேர்த்துவிட்டது நான்தான். கிளாஸ் கழுவும் வேலை. சேர்ந்த கொஞ்ச நாளில், பார் ஆட்களுக்குப் பாடம் எடுக்க விஸ்கி கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். ஐந்து விதமான ஸ்காட்ச் சிங்கிள் மால்ட்டை ஐந்து கிளாஸில் ஊற்றிவைத்து அரை நாள் பேசிவிட்டுப் போனார். கழுவ வந்த காலிக் கிளாஸ்களை இவர் ஒவ்வொன்றாக முகர்ந்து, இது இந்தப் புட்டி, அது அந்தப் புட்டி என்று விளையாட்டாகச் சொல்லியிருக்கிறார். ஐந்தும் சரி. மறந்துபோன குடையை எடுக்க வந்த பாடக்காரர் வாசலில் நின்று அதைக் கேட்டுவிட்டார். "இந்த ஆளைப் போய்க் கிளாஸ் கழுவ விட்டிருக்கீங்களே!" என்று மேனேஜரிடம் சத்தம் போட்டார். அடுத்த வருடமே வெள்ளிக்கிழமை மாலைகளில் எட்டு விருந்தாளிகளை உட்காரவைத்து விஸ்கியை ரசிக்கச் சொல்லிக்கொடுக்கும் வேலை இவருக்கு வந்தது.

அந்த அறைக்கு விரிப்புப் போட நான் போவதுண்டு. விரித்து முடித்த பிறகும் ஏதாவது மடிப்பை நீவுகிற சாக்கில் நின்று கேட்பேன். வீட்டில் வாய் திறக்காத மனிதர், அங்கே வெளுத்துக் கட்டுவார்.

"ஒரே வடிசாலைல, முளைகட்டின பார்லிய மட்டும் வெச்சுக் காய்ச்சி, மரப் பீப்பாய்ல வருஷக்கணக்கா மூடி வெச்சது. அதனால எடுத்தவுடனே விழுங்காதீங்க. பன்னிரண்டு வருஷம் இருட்டுல இருந்துட்டு இப்பதான் வெளிய வந்திருக்கு, கொஞ்சம் மூச்சு விடட்டும்" என்பார். கிளாஸை முதலில் நெஞ்சருகே பிடிக்கச் சொல்வார். பிறகு தாடைக்கு. பிறகுதான் மூக்குக்கு. "வாயை லேசாத் திறந்து வெச்சுக்குங்க. இல்லேன்னா நெடி மூக்கைப் பொசுக்கிடும்." ஒரு நாசியில் பார்த்துவிட்டு மறு நாசிக்கு மாற்றச் சொல்வார். பிறகு மருந்து விடும் குழாயால் மூன்று சொட்டுத் தண்ணீர், அதற்கு மேல் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. தண்ணீர் விழுந்ததும் உள்ளே அடங்கிக் கிடந்த வாசனையெல்லாம் எழுந்து வருமாம். அது என்ன வாசனை என்பதை இவர் சொல்வார். தேன், வாதுமை, கடற்காற்று, அணைந்த நெருப்பு. சொல்லச் சொல்ல எட்டுத் தலையும் சேர்ந்து ஆடும். ஒரு கணக்கு டீச்சர் வாரம் தவறாமல் வருவார். இவர் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் நோட்டில் எழுதிக்கொள்வார்.

இந்தப் பெருமைக்கெல்லாம் விலை கொடுத்தது என் தங்கை. வாசனைச் சோப்பு கூடாது. பவுடர் கூடாது. தலைக்கு மணமில்லாத எண்ணெய். வியாழக்கிழமை வந்தால் வெங்காயம் வதக்கக்கூடாது. ஒரு முறை பக்கத்து வீட்டில் கதவுக்கு வார்னிஷ் அடித்தார்கள் என்று குடும்பத்தோடு என் வீட்டுக்கு வந்து மூன்று நாள் தங்கினார்கள். கல்யாணமான புதிதில் அவள் ஆசையாக வைத்திருந்த ரோஜாப் பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, "நீயாவது போட்டுக்கோக்கா" என்றாள். எனக்கு அன்றைக்கே அவர் மேல் ஆத்திரம். ஆனாலும் வாயை மூடிக்கொண்டு பவுடரைப் போட்டுத் தீர்த்தேன்.

காய்ச்சல் வந்து போன பிறகு அவர் நடவடிக்கை மாறியது. ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்துகொள்வார், எழுந்தால் சமையலறைக்குப் போவார். மிளகு டப்பா, காப்பித்தூள் டப்பா, சீரக டப்பா எல்லாம் திறந்து கிடக்கும். "எதுக்குத் திறந்தீங்க?" என்று கேட்டால், "எறும்பு இருக்கான்னு பார்த்தேன்" என்பார். ஒரு நாள் துணி அறைக்கு வந்து நான் கறை எடுக்கும் அமோனியாப் புட்டியைத் திறந்து மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

"மாப்ளே, என்ன பண்றீங்க?" என்று புட்டியைப் பிடுங்கினேன்.

"ஒண்ணுமில்லக்கா. சளி. கொஞ்சம் திறந்துக்குமான்னு பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

ஏழாவது வாரம் என் தங்கை கண்டுபிடித்தாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்குத் துணி உலர்த்தப் போயிருக்கிறாள். படியிறங்கும்போதே தீய்ந்த நாற்றம் குடலைப் பிடுங்கியிருக்கிறது. ஓடி வந்து பார்த்தால் பாத்திரம் கரியாகி, அறையெல்லாம் புகை. இவர் அடுப்புக்கு முதுகு காட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார்! வதக்கிய வெங்காயத்துக்கே வீட்டைக் காலி செய்கிறவர்.

மறுநாள் அவள் கடைக்குப் போய் இருப்பதிலேயே நெடி அதிகமான பவுடராக ஒன்று வாங்கி, கழுத்திலும் கையிலும் அப்பிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "காப்பி கொஞ்சம் ஸ்ட்ராங்கா இருக்கு" என்றாராம் அவர். அவ்வளவுதான் பேசினாராம்.

"ஏழு வாரமா இல்லாத மூக்குக்கா நான் காவல் காத்தேன்?" என்று அவள் கத்தியது மூன்றாவது வீட்டிலிருந்த எனக்குக் கேட்டது. போய்ப் பார்த்தபோது அவர் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். டாக்டரிடம் ரகசியமாகப் போய் வந்திருக்கிறார். நரம்பு அடிபட்டிருக்கிறது, வரலாம், வராமலும் போகலாம் என்று சொல்லிவிட்டாராம். "வெளிய தெரிஞ்சா வெள்ளிக்கிழமை போயிடும். திரும்பக் கிளாஸ் கழுவப் போகணும். என்னால முடியாது" என்றார். அவள் கோபமெல்லாம் அந்த அழுகையில் கரைந்துவிட்டது. என் கோபம் கரையவில்லை. ஆனால் அக்காக்காரி கோபத்தை யார் கேட்கிறார்கள்?

யோசனை என் தங்கையுடையதுதான். பழைய புட்டிகளைப் பற்றிப் பேச அவரிடம் பழைய குறிப்பு நோட்டு இருந்தது. மாதம் இரண்டு புதுப் புட்டி வருமே, அதற்கு என்ன செய்வது? "கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டாங்க. நான் மோந்து சொல்றேன்" என்றாள். ஆயுசில் மதுவின் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள்.

முதல் நாள் மத்தியானம் சமையல் மேசையில் கிளாஸை வைத்துவிட்டு அவர் நோட்டும் பேனாவுமாக எதிரே உட்கார்ந்தார். அவள் மூக்கைக் கொண்டுபோய் ஒரே இழுப்பாக இழுத்து இருமித் தள்ளினாள்.

"என்ன தெரியுது?" என்றார் அவர்.

"நாறுது."

"அதுக்கு உள்ள?"

"உள்ளயும் நாறுதுங்க."

நெஞ்சு, தாடை, மூக்கு என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். நாலாவது முயற்சியில் அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "நனைஞ்ச கோணிச் சாக்கு" என்றாள். பிறகு, "ஆஸ்பத்திரில கட்டுப் போடுற துணி." சற்றுப் பொறுத்து, "அடியில இனிப்பா ஒண்ணு இருக்கு. பழம் மாதிரி. இல்லல்ல, பழம் வெச்சிருந்த கூடை." அவர் எழுதுவதை விட்டுவிட்டு அவளையே பார்த்தார். இத்தனை வருடமும் மணமில்லாத சோப்பில் குளித்து, வதக்காததைத் தின்று, அவர் மூக்கைக் காத்ததில் அவள் மூக்கு நன்றாகத் தேறிவிட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை அறையில் கோணிச் சாக்கு 'மழை பட்ட வைக்கோல்' ஆகிவிட்டது. கட்டுத் துணி 'கடற்கரை மருந்துச் செடி' ஆனது. நான் வீட்டுக்கு வந்து சொன்னபோது தங்கைக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "நான் சொன்னதைச் சொல்ல வெக்கமா அவருக்கு?" என்றாள். இப்படியே மூன்று மாதம் ஓடியது. ஓடியது என்று சொல்கிறேன், ஆனால் நிம்மதியாக ஒரு நாளும் ஓடவில்லை. அவருக்கு இல்லாத நெடியெல்லாம் வரத் தொடங்கியது. திடீரென்று ஏதோ கருகுகிறது என்று எழுந்து போய் அடுப்பைப் பார்ப்பார். அடுப்பு அணைந்திருக்கும். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் போவார். வெள்ளிக்கிழமை நெருங்க நெருங்க நகத்தைக் கடித்து விரலெல்லாம் புண்.

இந்த இடத்தில்தான் என் கூத்து. விஸ்கியைக் கொண்டுவரும் சின்னப் புட்டி உடைந்துவிட்டது, வேறு வேண்டும் என்றார். என் பல்வலிக்கு வாங்கிய கிராம்பு எண்ணெய்ப் புட்டி ஒன்று காலியாகக் கிடந்தது. கொதிநீரில் மூன்று முறை கழுவிக் கொடுத்தேன். துணியில் ஒரு புள்ளி விடாமல் எடுக்கிறவள்தான், மூடிக்குள் இருந்த ரப்பரை நினைக்கவில்லை. அதில் கிராம்பு ஊறிப்போயிருந்தது. "இதுல கிராம்பு தூக்கலா இருக்குங்க" என்று தங்கை சொல்ல, அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மாலை நான் அறையில் இருந்தேன். பாரின் பெரிய புட்டியிலிருந்து நேராக ஊற்றிய விஸ்கி. அதில் கிராம்பு எங்கிருந்து வரும்? "கவனிச்சுப் பாருங்க. தேனுக்கு அடியில கிராம்பு" என்றார் அவர். எட்டுப் பேரும் முகர்ந்தார்கள். "ஆமா!" என்றார் ஒருவர். "அட, நல்லாவே தெரியுதே" என்றார் இன்னொருவர். "எனக்கு நாக்குலகூட விறுவிறுங்குது" என்றது மூன்றாவது குரல். கணக்கு டீச்சர் எழுதி அடிக்கோடும் போட்டார். எனக்கு ரப்பர் மூடி சட்டென்று நினைவுக்கு வந்தது. அவர்கள் தலையாட்டும் வேகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியாமல், கையிலிருந்த விரிப்பை வாயில் திணித்துக்கொண்டு வெளியே ஓடினேன்.

வீட்டில் சொன்னதும் தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப்போய் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடக்க ஆரம்பித்தார்.

"எட்டுப் பேரும் தலையாட்டினாங்கக்கா. ஒருத்தர்கூட இல்லைன்னு சொல்லல. அப்ப பதினாலு வருஷமா எதுக்குத் தலையாட்டினாங்க? நான் நிஜமா மோந்து சொன்னப்பவும் இப்படித்தான் ஆட்டினாங்களா?" என்றார்.

சிரித்ததற்காக அப்போது வெட்கப்பட்டேன்.

அந்தக் கேள்வி அவரை அரித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த இடி விழுந்தது. ஓட்டலின் ஆண்டு விழாவுக்காக ஒரு பீப்பாய் விஸ்கியை முழுசாக வாங்கி, ஓட்டலின் பெயரிலேயே புட்டியில் அடைப்பது என்று முதலாளியம்மா முடிவு செய்தார். தரகர் மூன்று பீப்பாய்களிலிருந்து மாதிரி கொண்டுவருவார். முத்திரையை எல்லோர் முன்னாலும்தான் உடைப்பார்கள். மூக்கு மாஸ்டர் முகர்ந்து ஒன்றைச் சொல்லவேண்டும், அங்கேயே கையெழுத்து. வீட்டுக்குக் கொண்டுவர வழியே இல்லை.

"ஒத்துக்கிடுங்க மாப்ளே. முதலாளியம்மாகிட்ட போய் உள்ளதைச் சொல்லிடுங்க" என்றேன்.

"சொன்னா அன்னிக்கே பார்ல இருந்து இறக்கிடுவாங்கக்கா."

"குத்துமதிப்பா ஒண்ணைக் கைகாட்டி, அது கெட்டுப்போன சரக்கா இருந்தா?"

அவர் நகத்தைக் கடித்தார். தங்கை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அக்கா, உன் சீருடை எனக்குச் சரியா இருக்குமா?" என்றாள்.

சரியாகத்தான் இருந்தது, இடுப்பில் மட்டும் இரண்டு ஊசி குத்தவேண்டியிருந்தது. திட்டம் இதுதான். என்னோடு துணி அறை ஆள் மாதிரி அவளும் வருவாள். அவர் ஒவ்வொரு கிளாஸையும் ஊற்றி, "அடியைத் துடைச்சுக் குடும்மா" என்று அவளிடம் நீட்டுவார். துடைக்கிற சாக்கில் அவள் முகர்ந்துவிட்டுக் கிளாஸின் பக்கத்தில் கைத்துடைப்பை வைப்பாள். முக்கோணமாக மடித்து வைத்தால் நல்லது, விரித்து வைத்தால் வேண்டாம். பத்து முறை ஒத்திகை பார்த்தோம். நானும் இதற்கு உடன்பட்டேனே என்று இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அன்று மாலை நாலு மணி. நீள மேசையின் தலைப்பக்கத்தில் முதலாளியம்மா. எதிரே தரகர், கோட்டும் சிரிப்புமாக. ஓரத்தில் நானும் தங்கையும் கைத்துடைப்புகளோடு. முத்திரை உடைந்தது. முதல் கிளாஸ் வந்தது, துடைத்தாள், கைத்துடைப்பை முக்கோணமாக வைத்தாள். இரண்டாவது மாதிரி நல்ல செம்பு நிறம். ஊற்றும்போதே முதலாளியம்மா, "இது அழகா இருக்கே" என்றார். தரகர் அதைப் பிடித்துக்கொண்டு, "பதினெட்டு வருஷம்மா. கலரைப் பார்த்தாலே தெரியும். இது மாதிரி இன்னொண்ணு அமையாது" என்று அடுக்கினார். கிளாஸ் தங்கை கைக்கு வந்தது. முகர்ந்தவள் முகம் ஒரு கணம் கோணியது. கைத்துடைப்பை விரித்து வைத்தாள். மூன்றாவதற்கு மறுபடி முக்கோணம்.

அவர் மூன்று கிளாஸையும் முறைப்படி நெஞ்சு, தாடை, மூக்கு என்று பிடித்துப் பார்த்தார். அந்த நடிப்பைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பிறகு, "ரெண்டாவது வேண்டாம்மா" என்றார்.

"ஏன்?" என்றார் முதலாளியம்மா.

"சரியில்லம்மா."

"அதான், என்ன சரியில்ல?" என்று தரகர் முன்னால் சாய்ந்தார். "சும்மா வேண்டாம்னா எப்படி? பெரிய மூக்குன்னு சொன்னாங்க. என்ன வாசனை வருதுன்னு சொல்லுங்க பார்ப்போம்."

அப்போதுதான் எங்கள் மூன்று பேருக்கும் விழி பிதுங்கியது. மடித்த துணி வேண்டும், வேண்டாம் என்று சொல்லும். ஏன் வேண்டாம் என்று சொல்லாது. பதினான்கு வருடமாக எட்டுப் பேருக்கு வாசனைக்கு வார்த்தை கொடுத்தவர் கிளாஸையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். நெற்றியிலிருந்து வியர்வை இறங்குகிறது. ஏதாவது அடித்துவிடலாம். கிராம்புக்கே தலையாட்டிய உலகம். என்னைப் பார்த்தார். இன்னொரு கிராம்பைச் சொல்ல அவரால் முடியவில்லை.

"ஈரத் துணிய மடிச்சு மூலைல போட்டு வெச்ச நாத்தம்" என்றாள் என் தங்கை.

தரகர் அவளை ஏற இறங்கப் பார்த்து, "யாரும்மா நீ? விரிப்புப் போட வந்தவளா?" என்றார்.

"அவங்க என் சம்சாரம்" என்றார் அவர். "எனக்கு வாசனை தெரியாதும்மா. காய்ச்சல்ல போயிடுச்சு. ஏழு மாசமாச்சு. அவங்கதான் மோந்து சொல்றாங்க. நான் இங்க வந்து பேசுறேன்."

தரகர் வாய்விட்டுச் சிரித்தார். முதலாளியம்மா சிரிக்கவில்லை. இரண்டாவது கிளாஸை எடுத்து அவரே முகர்ந்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். பிறகு என்னிடம் நீட்டினார். நெடிக்கு அடியில், மெலிதாக, ஆனால் சந்தேகமே இல்லாமல் பூஞ்சை. என் அறையில் அந்த நாற்றம் வந்தால் மொத்தக் கட்டையும் திருப்பி அனுப்பிவிடுவேன். "பூஞ்சைதாம்மா" என்றேன். முதலாளியம்மா கிளாஸைத் தரகர் பக்கம் தள்ளி, "எடுத்துட்டுப் போங்க. மத்த ரெண்டையும் அப்புறம் பேசலாம்" என்றார்.

தரகர் போன பிறகு முதலாளியம்மா அவர் பக்கம் திரும்பினார். "ஏழு மாசமா என் விருந்தாளிங்களுக்கு நீங்க என்னத்தைக் கொடுத்தீங்க?"

"வார்த்தைம்மா" என்றார் அவர், தலைகுனிந்தபடி.

முதலாளியம்மா என் தங்கையைப் பார்த்து, "நீ வர்றியா இந்த வேலைக்கு?" என்றார்.

"எனக்கு அது பிடிக்கவே பிடிக்காதும்மா. குடலைப் புரட்டும். இவருக்காகத்தான் மோந்தேன்" என்றாள் அவள். கேட்டவர் வேலை தருகிறார், இவள் குடலைப் பற்றிப் பேசுகிறாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"சரி" என்றார் முதலாளியம்மா. "வர்ற வெள்ளிக்கிழமை ஒரு தடவை நடத்துங்க. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி உண்மைய அவங்ககிட்ட சொல்லணும். நான் பின்னால உட்கார்ந்திருப்பேன். அவங்க எழுந்து போயிட்டா சனிக்கிழமைல இருந்து நீங்க கிளாஸ் கழுவுற இடத்துல இருக்கணும். உங்க சம்சாரம் இந்தப் பக்கம் வரக்கூடாது."

அந்த வாரம் அவர் சாப்பிட்டாரா என்று எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை விரிப்பை நானே இரண்டு முறை எடுத்து மாற்றிப் போட்டேன். ஆறு மணிக்கு எட்டுப் பேர் வந்தார்கள். அவர் சுற்றி வளைக்கவில்லை. "எனக்கு வாசனை தெரியாது. ஏழு மாசமா நான் சொன்னது எதுவும் என் மூக்கு சொன்னதில்ல. மன்னிச்சுக்குங்க" என்றார். அந்தக் கிராம்பையும் சொன்னார், புட்டி மூடியோடு சேர்த்து. நாக்கு விறுவிறுத்த மனிதர் சிவந்துபோய் எழுந்தார், அவர் மனைவியும் எழுந்தார். இருவரும் போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. ஆறு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அவர் ஊற்றினார். நெஞ்சுக்குக் கொண்டுபோகச் சொன்னார், தாடைக்கு, மூக்குக்கு. மூன்று சொட்டுத் தண்ணீர் விட்டார். பிறகு வழக்கமாக அவர் பேச ஆரம்பிக்கும் இடம் வந்தது. "என்ன தெரியுது?" என்று கேட்டுவிட்டு நின்றார். ஆறு பேரும் கிளாஸை விட்டுவிட்டு அவர் வாயையே பார்த்தார்கள்.

"நீங்க சொன்னாத்தானே எங்களுக்குத் தெரியும்?" என்றார் ஒருவர், பரிதாபமாக.

கணக்கு டீச்சர் பேனாவை மூடினார். நோட்டையும் மூடி மடியில் வைத்துக்கொண்டார். கிளாஸில் மூக்கை வைத்து நெடுநேரம் இருந்தார். "சிரிக்கக் கூடாது. புது ஷூ வாங்கினா அட்டைப்பெட்டிக்குள்ள மெல்லிசா ஒரு காகிதம் சுத்தியிருக்குமே, அந்த வாசனை" என்றார்.

அவர் முகம் எப்படி மாறியது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு டீச்சர் நாற்காலிக்குப் போனார். "காகிதமா, ஷூவோட தோலா?" என்று கேட்டார்.

"ரெண்டும். தோல் முதல்ல வந்துச்சு. இப்ப காகிதம்தான்."

"எனக்குத் தோல் இல்ல. பென்சில் சீவின தூள்" என்றார் எதிரே இருந்தவர். "அடுப்பு அணைச்சதுக்கு அப்புறம் வர்ற புகை" என்றார் இன்னொருவர். "எப்படிப் புகை? விறகா, காகிதமா?" என்று அவர் அங்கே ஓடினார். "இருங்க, பார்த்துச் சொல்றேன்" என்று அந்த மனிதர் மறுபடியும் முகர்ந்தார். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தார். தலையாட்டல் இல்லை, அன்றைக்கு அந்த மேசையில் சண்டைதான் நடந்தது.

பின்னால் உட்கார்ந்திருந்த முதலாளியம்மா எழுந்து, வாசலில் நின்ற என் பக்கம் வந்தார். "அடுத்த வெள்ளிக்கிழமைக்கும் எட்டுப் பேருக்கு விரிப்பு எடுத்து வெச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேலை தப்பியது என்று அவருக்குச் சொல்ல வேண்டுமே என்று கையைக் காட்டினேன், கண்ணைக் காட்டினேன், லேசாகக் கனைத்தும் பார்த்தேன். அவர் திரும்பவே இல்லை. டீச்சரின் நாற்காலிக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, பசித்தவன் இலைக்கு முன்னால் உட்கார்ந்த மாதிரி அந்த அம்மாள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் நிறுத்தியதும், "அப்புறம்? வேற என்ன வருது?" என்றார்.